கொற்றனை ஒன்பது தடவை மன்னித்தவள்

கொற்றனை நான் ஒன்பது தடவை மன்னித்திருக்கிறேன். உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் இதயம் போட்டீர்கள். ஐந்தாவது கதைக்கு எண்ணூறு சொச்சம் வந்தது. யாமி கதவைத் திறந்துவிட, கொற்றன் உள்ளே வருகிற அந்த இடத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுததாக ஒரு அக்கா எழுதியிருந்தார்கள்.

அந்த ஒன்பது கதைகளால் நானும் என் தங்கச்சியும் எங்கள் அப்பாவிடமே திரும்பிப் போக இருந்தோம்.

அதைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்றேகால். சித்திக்கு இறால் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். தங்கச்சி பக்கத்தில் தூங்குகிறாள். தெருவில் பைக் சத்தம் கேட்டால் இன்னும் என் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. எழுதி முடித்த உடனே அனுப்பிவிடப் போகிறேன். காலையில் படித்துப் பார்த்தால் எனக்குத் தைரியம் வராது.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம். ‘ஏழாம் கலம்’ என்று ஒரு தொடர் வந்தது. கடலுக்கு அடியிலேயே வாழ்கிற ஜனங்கள், அவர்களுடைய ஏழாவது கப்பல், அதன் தலைவன் கொற்றன். ஒன்பதாவது எபிசோடில் அவன் தன் சொந்த மகள் யாமியைக் குட்டி ஓடத்தில் ஏற்றி இருட்டுக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவான். அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நாம் எழுதுகிறோம். யாமி பிழைத்து, தனக்கென்று ஒரு கலம் கட்டிக்கொண்டு, வருடங்கள் கழித்துக் கொற்றன் வந்து அவள் கதவைத் தட்டினால் என்ன செய்வாள்? இதில் நமக்குள் இரண்டு கட்சி. மன்னிப்புக் கட்சி, மன்னிக்காத கட்சி. நான் மன்னிப்புக் கட்சியின் நட்சத்திர எழுத்தாளர். பெயர் உப்புக்காற்று. வயது பதினாறு, ஊர் தூத்துக்குடி. நிஜப் பெயர் ஷைனி.

கதைச்சீட்டு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, யாருக்கு என்ன கதை வேண்டுமோ அதை ஒரு சீட்டில் எழுதிப் போடுவார்கள். குழுவை நடத்துகிற கப்பல்காரி குலுக்கிக் கொடுப்பார். ‘இன்னார் எழுதினால் நல்லது’ என்று சீட்டில் கேட்டிருந்தால் முடிந்தவரை அந்த ஆளுக்கே தருவார். சீட்டு கிடைத்தவர் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சீட்டு யாருடையது என்று கேட்கவும் கூடாது. சீட்டுக்காக எழுதின கதை என்று எங்கேயும் காட்டிக்கொள்ளாமல், நம் மனசிலிருந்தே வந்த மாதிரி எழுத வேண்டும். அதுதான் சீட்டு மரியாதை.

ஒன்பது கதையும் எனக்குச் சீட்டில் வந்தவை. அதில் ஆறு சீட்டில் ‘உப்புக்காற்று எழுதினால் நல்லது’ என்று இருந்தது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

அம்மா நான் பன்னிரண்டு வயதில் இருக்கும்போது இறந்துவிட்டார்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பெயர் பெலிக்ஸ். கல்யாண வீடுகளில் அப்பா இருக்கிற மேசையில்தான் சிரிப்புச் சத்தம் அதிகமாகக் கேட்கும். வீட்டில் வேறு ஆள். என் இடது கை இரண்டு தடவை உடைந்திருக்கிறது, இரண்டு தடவையும் மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன். தங்கச்சி டெல்சிக்கு ஏழு வயது இருக்கும்போது, பாலைக் கொட்டிவிட்டாள் என்று அவளைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். இரண்டு நாள். நான் அம்மிக்குழவியை எடுத்துக் கதவை உடைத்தேன். அந்தச் சத்தத்தில்தான் கீழ்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, சித்தி வந்தாள். அதிலிருந்து இரண்டு வருடமாக நாங்கள் சித்தி வீட்டில். மாதம் ஒரு தடவை பிள்ளைகள் தீர்வு மன்றத்தில், ஓர் அதிகாரி முன்னால் அரை மணி நேரம் அப்பாவைப் பார்ப்போம்.

போன மாதம் அப்பா எங்களைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். பத்தாவது நாள் மன்றத்திலிருந்து சித்திக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது.

“ஏட்டி ஷைனி, இங்க வா. இது என்னது?”

‘உள்விருப்ப அறிக்கை’ என்று போட்டிருந்தது. எல்லாரும் மனசு ரிப்போர்ட் என்பார்கள். என் பெயருக்குக் கீழே: தந்தையுடன் மீண்டும் சேரும் உள்விருப்பம், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

“நான் அப்படி யாருகிட்டயும் சொல்லலியே சித்தி.”

“சொன்னத வச்சு போடலட்டி. எழுதினத வச்சு. ரெண்டு வருசமா நீ போன்ல எழுதினது பூராத்தையும் மெசினு படிச்சிருக்கு.”

“கெமிஸ்ட்ரி நோட்ஸுமா?”

“அதயுந்தான். கெமிஸ்ட்ரில உனக்கு விருப்பமே இல்லன்னும் கண்டுபிடிச்சிருக்கு.” சித்தி சிரிக்க முயற்சி செய்தாள், வரவில்லை. “நீ என்னத்தட்டி எழுதித் தொலச்ச? அப்பனுக்குக் கதவத் தொறந்து விடுதேன், கால்ல விழுதேன்னு ஒன்பது கதையாம்லா?”

“அது யாமி சித்தி. நான் இல்ல.”

“எந்த யாமி? எந்தத் தெரு?”

டெல்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் வீட்டில் ஒருவருக்கும் செருப்பு இல்லை. அவளுடையது, என்னுடையது, சித்தியுடையது, எல்லாம் அரிசி டிரம்முக்குள் கிடந்தது. செருப்பு இல்லாவிட்டால் எங்கேயும் கூட்டிப்போக முடியாது என்று நினைத்திருக்கிறாள். சித்தி திட்டவில்லை. அரிசியை உதறிவிட்டு மூன்று ஜோடியையும் வரிசையாக வைத்தாள்.

மன்றத்தில் எங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி வள்ளிமயில் மேடம். நல்லவர்கள். நான் போனபோது டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுப் பேசினார்கள்.

“ஷைனி, நீ சொல்றத நான் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன பண்ண? பிள்ளைங்க இங்க வந்து பேசுறது பாதி நேரம் யாராச்சும் சொல்லிக் குடுத்ததா இருக்கும். அம்மாகூட இருந்தா அப்பா கெட்டவரு, அப்பாகூட இருந்தா அம்மா கெட்டவங்க. அதுக்காகத்தான் இந்த மெஷினக் கொண்டு வந்தாங்க. யாரும் பாக்கலன்னு நினைச்சு எழுதுறதுல பிள்ளைங்க பொய் சொல்லாதுன்னு.”

“நான் நேர்ல வந்து அப்பாகிட்ட போமாட்டேன்னு சொன்னா?”

“சித்தி சொல்லிக் குடுத்ததுன்னு குறிச்சுக்குவாங்க.”

“அழுதா?”

“அதுவும் அப்படித்தான்.”

“அப்ப நான் என்னத்தச் சொன்னா மேடம், நான் சொன்னதா எடுத்துக்குவாங்க?”

மேடம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள்.

“அந்தக் கதைல இருக்கிறது என் ஆசை இல்ல மேடம்” என்றேன். “வேற யாரோ ஆசப்பட்டுக் கேட்டது. சீட்டுல வந்தது. நாங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

வள்ளிமயில் மேடம் நிமிர்ந்தார்கள். “யாரு கேட்டது?”

“தெரியாது. கேக்கக் கூடாது.”

“அம்மா தாயே, இதென்ன ரகசியச் சங்கமா? யார் கேட்டாங்கன்னு கையெழுத்தோட கொண்டு வா. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள வந்தா நான் ஃபைலுக்குள்ள வச்சுடுவேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் அப்பா வீட்டுல.”

அது திங்கட்கிழமை.

கப்பல்காரியைக் கூப்பிட்டேன். அதுவரை அவர் குரலை நம்மில் ஒருவரும் கேட்டதில்லை, இல்லையா? நான் காலேஜில் படிக்கிற ஒரு நீளமான பின்னல்காரியைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். எடுத்த உடனே பஸ் ஹாரன். பிறகு கட்டையான ஆண் குரல்.

“கப்பல்காரிதான் பேசுறேன், சொல்லுங்க.”

“... அண்ணே?”

“அண்ணன்தாம்மா. திண்டுக்கல்லுல கண்டக்டர். யாருகிட்டயும் சொல்லிடாத, மூணு பேரு எனக்குக் காதல் கடுதாசி போட்டிருக்காங்க.”

(அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்று பேரும் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.)

நான் சொல்லச் சொல்ல ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. முடித்த பிறகு அண்ணன் பெருமூச்சு விட்டார்.

“பாப்பா, எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. ஆனா சீட்ட நானாத் திறக்க மாட்டேன். ஆயிரம் பேரு நம்மள நம்பித்தான் மனசுல இருக்கிறத எழுதிப் போடுறாங்க. நீ குழுவுல போய்ச் சொல்லு. போட்டவங்க தானா வரட்டும்.”

அன்றைக்கு ராத்திரி நான் எழுதினது நான்கே வரி. ‘என் கதைகளைக் காட்டி என்னை ஒரு இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே போனால் என் தங்கச்சிக்கு ஆபத்து. எனக்கு மன்னிப்புச் சீட்டு போட்டவர்கள் தயவுசெய்து பெயர் சொல்லி வாருங்கள்.’ அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். மன்னிக்காத கட்சி என்னைக் கிழிக்கும் என்று நினைத்தேன். முக்கியமாக ஓட்டைநங்கூரம். நான் எப்போது கதை போட்டாலும் ‘வந்துட்டாங்கய்யா, கொற்றனோட வக்கீலம்மா’ என்று கீழே வந்து நிற்கிறவள்.

முதலில் வந்தது அவள்தான். ‘வக்கீலம்மா, நம்பர் அனுப்பு. உடனே.’

அவள் நிஜப் பெயர் கோமதி. பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை முழுவதும் அவளே குழுவில் நின்று இரண்டு கட்சிக்காரர்களையும் விரட்டினாள். சீட்டு போட்ட மூன்று பேர் வந்தார்கள். கரூரில் கணக்கு எழுதுகிற ஒரு அண்ணன், பேராதனையில் படிக்கிற ஒரு அக்கா, ஈப்போவிலிருந்து எழுபது வயது ஐயா ஒருவர். மூவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். ஈப்போ ஐயா தன் அடையாள அட்டை, ரேஷன் அட்டை மாதிரி ஏதோ ஒன்று, பேரப்பிள்ளையோடு எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தார்.

மிச்சம் ஆறு. யாரும் வரவில்லை. புதன் சாயங்காலம் ஆறு மணி வரை பார்த்துவிட்டு, சீட்டைத் திறக்கலாமா என்று ஓட்டுக்கு விட்டீர்கள். முந்நூற்றுப் பதினொரு பேர் திறக்கலாம் என்றீர்கள். ஒன்பது பேர் கூடாது என்றீர்கள். அந்த ஒன்பது பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரகசியம் என்றால் ரகசியம்தான்.

ஆறும் ஒரே ஆள் போட்டது. பெயர் தனிமரம்.

ஆறு சீட்டையும் வரிசையாகப் படித்தேன். தனித்தனியாக, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் படித்தபோது தெரியாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. கோமதி போனில் இருந்தாள்.

“கோமதி, ஒண்ணு கேக்கேன். எல்லா அப்பாவும் அடிச்ச மறுநாள் இனிப்பு வாங்கிட்டு வருவாங்கதான?”

“வருவாங்க. எங்கப்பா மிச்சர் வாங்கிட்டு வருவாரு. அவருக்குச் சைடிஷ்ஷும் ஆச்சு.”

“முதல் வாய் நாமதான ஊட்டி விடணும்?”

“என்னது?”

“முதல் வாய். அப்பாவுக்கு. நம்ம கையால, சிரிச்சுக்கிட்டே. அப்பத்தான முடிஞ்சதுன்னு அர்த்தம். இல்லன்னா மறுபடி...”

நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

“ஷைனி” என்றாள் கோமதி. குரல் மாறியிருந்தது. “அது எங்க வீட்டுல கிடையாது. எனக்குத் தெரிஞ்சு எந்த வீட்டுலயும் கிடையாது. அது உங்க வீட்டுல மட்டுந்தான்டி.”

இரண்டாவது சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: ‘தகப்பன் மகளுக்கு இனிப்பு வாங்கி வர வேண்டும். மகள் தன் கையால் முதல் வாயைத் தகப்பனுக்கு ஊட்ட வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது.’

எங்கள் வீட்டில் அது மக்ரூன். வெள்ளை டப்பா, சணல் கட்டு. அடி விழுந்த மறுநாள் சாயங்காலம் அப்பா அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் ஒன்றை எடுத்து அவர் வாயில் வைப்பேன். “அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு” என்று அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். இதை நான் சித்தியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று இருந்துவிட்டேன். சீட்டில் அதைப் பார்த்தபோதுகூட, யாரோ என்னை மாதிரி ஒரு பிள்ளை கேட்கிறது என்று நினைத்து, மக்ரூனைக் கடல்பாசி மிட்டாயாக மாற்றி ஆசையாக எழுதினேன். அதுதான் உங்கள் எண்ணூறு இதயம் வாங்கின ஐந்தாவது கதை.

கப்பல்காரி அண்ணன் தனிமரத்தின் போன் நம்பரை அனுப்பினார். வள்ளிமயில் மேடம் அதை அப்பாவின் மனுவோடு ஒத்துப் பார்த்தார்கள். அதே நம்பர். மறைக்க வேண்டும் என்றுகூட அப்பாவுக்குத் தோன்றவில்லை. என் புனைபெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், மன்றத்துச் சந்திப்பில் டெல்சியிடம், அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டிருப்பார். அக்கா பெரிய எழுத்தாளர், உப்புக்காற்று என்று அவள் பெருமையாகச் சொல்லியிருப்பாள். நான் டெல்சியிடம் அதைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை. மன்றத் தலைவர் ஹேமலதா அம்மா, கூட இரண்டு உறுப்பினர்கள். அப்பா வெள்ளைச் சட்டையில், மடியில் சணல் கட்டின டப்பாவோடு வந்திருந்தார். டெல்சியை வெளியே சித்தியிடம் உட்கார வைத்துவிட்டார்கள்.

நம்பரைக் காட்டியதும் அப்பா திடுக்கிடுவார் என்று நான் ராத்திரி முழுக்க நினைத்துப் பார்த்திருந்தேன். அவர் திடுக்கிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஆமாம்மா, நாந்தான் எழுதினேன். நேர்ல பேசவா விடுதிய? மாசத்துக்கு அரை மணி நேரம், அதுலயும் ஒரு ஆபீசர் உக்காந்திருக்காவ. பெத்த பிள்ளகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வேற வழி தெரியல. கதையில கேட்டேன். அது குத்தமாம்மா?”

ஓர் உறுப்பினர் அப்பா சொல்வது சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு அது தெரிந்தது. இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியே டெல்சியின் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், போய்விட்டது என்று நினைத்தேன்.

“நான் ஒண்ணு வாசிக்கட்டுமா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹேமலதா அம்மா, “சத்தமா வாசிம்மா” என்றார்.

கரூர் அண்ணனுடைய சீட்டை வாசித்தேன். ‘கொற்றன் தான் செய்ததை ஒன்றுவிடாமல் தன் வாயால் சொல்ல வேண்டும். யாமி பதில் சொல்லாமலே போனாலும் சரி.’ பேராதனை அக்காவுடையது: ‘கொற்றன் கதவுக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்கட்டும். உள்ளே விடச் சொல்லிக் கேட்கக் கூடாது.’ ஈப்போ ஐயாவுடையது: ‘நான் என் மகனிடம் கேட்காமல் விட்டதைக் கொற்றன் கேட்கட்டும்.’

பிறகு தனிமரத்தின் ஆறு சீட்டு. மகள் கதவைத் திறக்க வேண்டும். மகள் ஊட்ட வேண்டும். மகள் தான் பிடிவாதம் பிடித்ததற்கு வருந்த வேண்டும். மகள் காலில் விழ வேண்டும். தங்கையையும் மகளே அழைத்து வர வேண்டும். மகள் ஊராரிடம் அப்பா நல்லவர் என்று சொல்ல வேண்டும்.

“மத்த மூணுலயும் கொற்றன் மன்னிப்புக் கேக்கான்” என்றேன். “இந்த ஆறுல ஒண்ணுலகூடக் கேக்கல. நாந்தான் எழுதினேன், எனக்குத் தெரியும். அவனுக்கு அதுல வசனமே கிடையாது.”

ஹேமலதா அம்மா அப்பா பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் பெலிக்ஸ், வழி இல்லன்னு சொன்னீங்க. இப்ப வழி இருக்கு. பிள்ளை எதிர்ல உக்காந்திருக்கா. கேளுங்க. எதுக்காகக் கேக்குறீங்கன்னு சொல்லிக் கேளுங்க.”

“நடந்தது எல்லாத்துக்கும்தாம்மா.”

“என்ன நடந்தது?”

“பிள்ளய கண்டிச்சேன். எந்தத் தகப்பன்தான் கண்டிக்காம இருக்கான்?”

“குளியலறையப் பூட்டினது?”

“அது பழைய கதவும்மா, தானா மாட்டிக்கிடும்.”

“சாவி உங்க சட்டைப் பையில இருந்திருக்கு. போலீஸ் ரிப்போர்ட்ல இருக்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் பார்க்கிற அதே பார்வை, கண்ணில் ஈரம் ஒரு சொட்டு இல்லை. டப்பாவின் கட்டை அவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார்.

“ஷைனி. இந்த அம்மாட்ட சொல்லு. அப்பா எப்படின்னு சொல்லு.”

இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. என் கை எழுந்தது. நான் தூக்கவில்லை, அதுவாக எழுந்தது. டப்பா வரைக்கும் போனது. விரலில் மக்ரூனின் பொடி பட்டது. எதிரே மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மூடியை எடுத்து டப்பாவை மூடினேன். அவர் பக்கமே தள்ளினேன்.

“மாட்டேன்.”

“என்னட்டி சொன்ன?” அப்பா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. அவருடைய கை எங்கே போய் நின்றது என்பதை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். தோளுக்கு மேலே, விரித்தபடி. அவர் மட்டும்தான் அதைக் கடைசியில் பார்த்தார்.

“மாட்டேன்” என்றேன் மறுபடியும். இந்தத் தடவை சத்தமாகவே வந்தது. வெளியே டெல்சிக்கும் கேட்டதாம்.

ஹேமலதா அம்மா எழுத்தரைப் பார்த்தார். “எழுதிக்கோங்க. பிள்ளை சொன்னது.”

வள்ளிமயில் மேடத்தின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவர்கள் அதை எடுக்கவே இல்லை.

மனு தள்ளுபடி. மாதாந்திரச் சந்திப்பும் நாங்களாகக் கேட்டால்தான். வெளியே வந்ததும் சித்தி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புதிதாக வாங்கின சாமான் மாதிரி. பிறகு மூன்று பேரும் பரோட்டா கடைக்குப் போனோம். டெல்சி நான்கு தின்றாள். “ஏளா, வயிறா என்ன அது” என்று சித்தி கேட்டாள். குழுவில் அன்றைக்கு நீங்கள் போட்ட கூத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைநங்கூரம் எனக்கு ‘முன்னாள் வக்கீலம்மா’ என்று பட்டம் கொடுத்தாள். கப்பல்காரி அண்ணன் புது விதி போட்டார்: பிடிக்காத சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம். அன்றைக்கே முதல் சீட்டு திரும்பி வந்தது. கொற்றனுக்கு இரண்டாம் கல்யாணம் கேட்டிருந்த சீட்டு அது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதைச் சொல்வதற்கு இல்லை.

நேற்று புது மனசு ரிப்போர்ட் வந்தது. ஒன்பது கதைக்கும் பக்கத்தில் அதன் சீட்டை வைத்து, இது இன்னாருடைய ஆசை என்று குறித்து, மெஷினை மறுபடி படிக்க வைத்திருக்கிறார்கள். தொண்ணூற்றிரண்டு போய் இரண்டோ மூன்றோ வரும் என்று எதிர்பார்த்தேன். எண்ணே இல்லை. ஒரு வரி மட்டும் இருந்தது. ‘தந்தையைப் பற்றி இவர் தாமாக எழுதியது எதுவும் கிடைக்கவில்லை.’

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இரண்டு வருடம், ஒன்பது கதை, நாற்பதாயிரம் வார்த்தை. அதில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. மெஷின் இந்தத் தடவை சரியாகத்தான் படித்திருக்கிறது.

மன்னிப்புக் கட்சிக்காரர்களே, நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஈப்போ ஐயா தன் மகனுக்குப் போன் செய்திருக்கிறார், மகன் எடுத்திருக்கிறான், இரண்டு பேரும் பேசாமலே அழுதிருக்கிறார்கள். அதைக் கேட்டு நானும் அழுதேன். ஒருநாள் நானும் மன்னிக்கலாம். மன்னிக்காமலே போகலாம். அப்பா, நீங்கள் வேறு பெயரில் இங்கே இருந்து இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். படியுங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இப்போதுகூட ஒரு பைக் போனது. ஆனாலும் என் பெயரைப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

கீழே என் பத்தாவது கதை இருக்கிறது. யாருடைய சீட்டும் இல்லை. யாமி தன் கலத்துக்கு ஒரு பெரிய ஜன்னல் வைக்கிறாள், மூன்று நாள் வேலை, ஆணி சரியாக உட்காரவில்லை, தங்கச்சி விளக்குப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறாள். கடைசியில் ஜன்னல் நிற்கிறது. வெளியே திருக்கை மீன் ஒன்று போகிறது. அவ்வளவுதான் கதை.

டெல்சி தூங்குவதற்கு முன்னால் அதைப் படித்தாள். நடுவில் நிறுத்தி, “இதுல கொற்றன் எங்கக்கா?” என்று கேட்டாள்.

“தெரியலட்டி” என்றேன்.

“சரி” என்று அடுத்த பக்கத்தைத் தள்ளினாள்.